மாரிக்கனியைக் கட்டிய தூண்

நெடுங்கரிசல் தொடக்கப்பள்ளி முதன்முதலாக நடந்தது ஆடிக்காற்று கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு முற்பகலில். அப்போது உள்ளே முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், ஜெபசெல்வி டீச்சர் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார், முப்பத்தோராவது பிள்ளையான மாரிக்கனி வராண்டாவின் மூன்றாவது தூணில் ஒரு நீலச் சேலைக் கிழிசலால் கட்டப்பட்டிருந்தாள்.

அவளை ஏன் கட்டினார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மாரிக்கனிக்கு எட்டு வயது, பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, நடக்கப் படித்த நாளிலிருந்து அவள் கால் ஓரிடத்தில் நின்றதில்லை. அவள் அம்மா குருவம்மா தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டுகிறவள், புருஷன் போன இடம் தெரியாது. வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனால் பிள்ளை ஓட்டைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்து நாற்கரச் சாலையில் லாரிகளுக்கு நடுவே நடந்துபோகும், யாராவது தூக்கிவந்து விடுவார்கள், மறுநாள் மறுபடி போகும். பள்ளிக்கூடம் என்றால் மத்தியானம் சோறும் முட்டையும் உண்டு, நாலு பேர் கண் உண்டு என்று குருவம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“சேக்க மாட்டேன்னு சொல்லலம்மா, சட்டப்படி சேக்கணும்” என்றார் டீச்சர். “ஆனா நான் ஒருத்தி. முன்னால ரோடு. இவ ஓடுனா இவ பின்னால நான் ஓடவா, மத்த முப்பது பேரப் பாக்கவா, நீயே சொல்லு.”

“ஓடாம நான் பாத்துக்கிடுதேன் டீச்சர்” என்று சொல்லி, மறுநாள் காலையில், கட்டியிருந்த சேலைக்கு அடுத்த நல்ல சேலையை நீளவாக்கில் கிழித்து, பிள்ளையின் இடுப்பில் ஒரு முனையும் தூணில் ஒரு முனையுமாக, தீப்பெட்டி பண்டலுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுவிட்டு, தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஹாரன் அடிக்க, திரும்பிப் பார்க்காமல் போனாள். அந்த முடிச்சு இரண்டு சுற்றும் ஒரு உள்மடிப்புமாக விழும், லாரியில் காசி வரைக்கும் போனாலும் அவிழாது.

வாரத்தில் வியாழக்கிழமை மட்டும் ஸ்கூட்டியில் வருகிற சிறப்பு டீச்சர் ஒருவர் உண்டு. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே படித்தவர், பதினெட்டுப் பள்ளிக்கூடம் அவர் தலையில் இருந்தது. அவர் பாசிமணியும் பட அட்டையும் கொண்டுவந்து மாரிக்கனிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, “கட்டக் கூடாது, இப்படிக் கட்டவே கூடாது” என்று கண் கலங்கச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போவார். அவர் சொன்னது சரி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் வேன் வந்துவிடும்.

அந்த முற்பகலில் மாரிக்கனி எப்போதும்போல இழுத்தாள், தூண் அவள்கூடவே வந்தது. தூணோடு வராண்டா வந்தது, வராண்டாவோடு சுவரும் ஓடும் கரும்பலகையும் வந்தன, உள்ளே இருந்த பிள்ளைகளும் டீச்சரும் ஏழாம் வாய்ப்பாடும் வந்தார்கள். தேர் நிலையை விட்டு நகரும்போது ஒரு முனகல் கேட்குமே, அந்த முனகலோடு பள்ளிக்கூடம் வேலிக்காத்தான் புதரைத் தாண்டி, பருத்திக்காட்டுக்குள் இறங்கி, மாரிக்கனி போன பக்கம் அவள் பின்னால் போயிற்று. மிதிபட்ட பருத்திச்செடி காற்றுக்கு வளைந்ததுபோல வளைந்து, கட்டடம் கடந்ததும் நிமிர்ந்துகொண்டது. சாயங்காலம் குருவம்மா வேனை விட்டு இறங்கியபோது பள்ளிக்கூடம் கண்மாய்க் கரையில் நின்றது. மகளை அவிழ்த்துக் கூட்டிக்கொண்டு போனாள். அது அங்கேயே தங்கிற்று, காலையில் அவளும் அங்கேயே கொண்டுபோய்க் கட்டினாள்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. எனக்கு ஊர்த் தண்ணீர்த் தொட்டியை நிரப்புகிற வேலை. காலையில் மேலே ஏறித் தண்ணீர் மட்டம் பார்க்கும்போது நாலு திக்கும் தெரியும் என்பதால், பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு தொட்டிக்குக் கீழே வந்து, “பெரியப்பா, பள்ளிக்கூடம் எங்க நிக்கி?” என்று கேட்பார்கள். நான் “ஓடைப்பாலம்” என்றோ “ரெட்டைப்பனை” என்றோ சொல்வேன், அதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை, அவர்கள் ஓடிவிடுவார்கள். சமையற்கூடமும் கழிப்பறையும் குழாயும் கொடிக்கம்பமும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டதால் சத்துணவு ஆயா சொர்ணம் சாம்பார்ச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, “பள்ளிக்கூடத்துக்குக் கால் குடுத்த சாமி எனக்கு ஒரு சைக்கிளக் குடுத்திருக்கப்படாதா” என்று வைதுகொண்டே வெயிலில் பின்னால் போவாள். ஆடு மேய்க்க அனுப்பப்பட்டிருந்த பிள்ளைகள் இரண்டு பேர், பள்ளிக்கூடம் தங்களைத் தேடிக் காட்டுக்கே வந்துவிட்டதால் வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தார்கள். மிளகாய் வற்றல் காயப்போட்ட களத்தின் மேல் கட்டடம் நடந்து போனால் வற்றல் நசுங்குவதில்லை, உள்ளே பிள்ளைகள் மட்டும் வரிசையாகத் தும்முவார்கள்.

கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தார்கள். சாமி காரியம் இல்லை என்று வந்தது. அதில் ஊருக்குக் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் வருத்தம். ஆனாலும் பெரிய கட்டடம் ஒன்று வாசலுக்கு வந்து நின்றால் சும்மா அனுப்புவது முறையல்ல என்று பெண்கள் தேங்காய் உடைத்தார்கள், தேருக்குச் செய்வதைப்போல வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் வாசலுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, பள்ளி இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய மண் சதுரத்தைப் பார்த்து, பிறகு விசாரித்து விசாரித்து ஓடைப்பாலத்துக்கு வந்து, ஓடும் சுவரும் உறுதியாக இருக்கின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பொங்கல் சாப்பிட்டுப் போனார்.

பிரச்சினை அது நடந்ததில் வரவில்லை. அது நிற்கத் தொடங்கியதில் வந்தது.

புரட்டாசி பிறந்ததும் தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மாரிக்கனி ஊருக்குள் திரும்பி, தெற்குத் தெருவுக்கு நடந்து, பால்வண்ணன் வீட்டுப் பின்பக்கம் மாட்டுத் தொழுவத்தின் தகரக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். நின்றாள் என்றால், எட்டு வருஷமாக நிற்காத கால் நின்றது. சேலைக் கிழிசல் தொய்ந்து தரையில் கிடந்தது. அவள் நெற்றியைத் தகரத்தில் வைத்துக்கொண்டாள், அவள் பின்னால் பள்ளிக்கூடமும் வந்து வராண்டாவை அந்தக் கதவுக்கு நேராகத் திருப்பிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து எவர்சில்வர் டம்ளரைத் தரையில் தட்டுகிற சத்தம் வந்தது. தொழுவத்தில் மாடு இல்லை, மாட்டை விற்று நாலு வருஷம் ஆகிறது.

பால்வண்ணன் உரக்கடை வைத்திருந்தார், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவுக்கும் அவர்தான் தலைவர், அவர் மகன் மூன்றாம் வகுப்பு. அந்தப் பையனுக்கு மேலே ஒரு பெண்பிள்ளை உண்டு, பெயர் ஆவுடைத்தாய். பிறக்கும்போதே மூச்சுத் திணறிப் பிறந்தவள், கை கால் முறுக்கிக்கொள்ளும், கழுத்து நிற்காது. மதுரைக்கும் வேலூருக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். பால்வண்ணனின் தங்கையைப் பெண் பார்க்க வந்தபோது, பிள்ளையைப் பார்த்து அந்த வீட்டு ரத்தம் அப்படியோ என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்று, ஒரு நாளைக்கு மட்டும் தொழுவத்தில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். தங்கை கல்யாணம் முடிந்தது, தங்கைக்குப் பிள்ளைகளும் ஆகிவிட்டன, கதவு சாத்தியபடிதான் இருந்தது. மதுரையில் அத்தை வீட்டில் வளர்கிறாள் என்று கேட்டவர்களுக்குச் சொன்னார்கள். தினம் விடியற்காலையில் அவளைக் குளிப்பாட்டுவது பால்வண்ணன்தான் என்பது தொழுவத்துப் பக்கம் போகிற தண்ணீரை வைத்து எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு மற்ற வழிகளில் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

முதல் நாள் பால்வண்ணன் மனைவி செண்பகவல்லி பின்பக்கம் வந்து தேங்காய் உடைத்தாள். இரண்டாம் நாளும் உடைத்தாள். மூன்றாம் நாள் பால்வண்ணன் கூட்டம் கூட்டினார்.

வெளிறிய மண் சதுரத்தில்தான் கூட்டம் நடந்தது. “நடக்கட்டும், நான் வேண்டாங்கல” என்றார் பால்வண்ணன். “எங்க நிக்கணும்னு ஒரு முறை இருக்கா இல்லையா? சமைக்கிற இடம் ஒருபக்கம், சாப்பிடுற இடம் ஒருபக்கம். பிள்ளையளுக்கு ஒண்ணுக்குப் போக இடமில்ல.”

“அண்ணாச்சி வீட்டுப் பின்னால நிழல் நல்லாருக்கு போல” என்றாள் சொர்ணம். “இல்ல, தொழுவத்துல பசுங்கன்னு எதுவும் போட்டிருக்கோ என்னமோ.”

கூட்டம் முழுவதும் தரையைப் பார்த்தது.

“இந்தா சொர்ணம், வாயக் கழுவிட்டுப் பேசு” என்றார் பால்வண்ணன். பிறகு அவர் இரண்டு வழி சொன்னார். கோயிலூரில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், கூட்டிவந்து கட்டை போட்டு நிறுத்துவது ஒன்று. அதற்கும் நிற்கவில்லை என்றால், மாரிக்கனியை வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளைகளின் வரிசையில் மாற்றிவிடுவது. வியாழக்கிழமை டீச்சர் வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பார்.

“மிச்ச நேரத்துக்கு?” என்றாள் குருவம்மா. வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள், விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. “அண்ணாச்சி, ஒரு மணி நேரம் போக மிச்ச நேரத்துக்கு எம்பிள்ளய எந்தத் தூணுல கட்டணும், அதையும் சொல்லிருங்க. வீட்டுல தூணு இல்ல. தேரு மட்டும் ஊரச் சுத்தலாம், பள்ளிக்கூடம் சுத்தக் கூடாதாக்கும்.”

“அவ படிக்கவா செய்யா? நாலு மாசமாச்சு, ஒரு எழுத்து, ஒரு சொல்லு?”

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாலு மாசத்தில் மாரிக்கனி கற்றுக்கொண்டது இது என்று காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் கோயிலூர் ஆட்கள் மத்தியானப் பஸ்ஸில் வந்தார்கள். கொம்பையா என்கிற பெரியவரும் அவர் தம்பியும், ஆளுக்கொரு புளியங்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு. பால்வண்ணன் ஊரில் இல்லை, மாரிக்கனி பெயரை வீட்டுப் படிப்பு வரிசைக்கு மாற்ற ஆக வேண்டியதைக் கேட்க டவுனுக்குப் போயிருந்தார். வந்தவர்கள் தெற்குத் தெருவில் நின்ற பள்ளிக்கூடத்தை ஒருமுறை சுற்றிவந்தார்கள்.

“சக்கரத்தக் காணுமே” என்றார் கொம்பையா.

“சக்கரம் இல்ல பெரியவரே” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“சரி, தூணுக்கு அடியில குடுப்பம். எந்த வாசல்?”

யாருக்கும் புரியவில்லை.

“எந்த வாசல்ல நிப்பாட்டணும்னு கேக்கேன். தேர நாங்க சும்மா நிப்பாட்டுறதில்லய்யா. ஒரு வீடு தேங்கா வச்சிக்கிட்டு நிக்கும், பிள்ளைகுட்டியத் தூக்கிக் காட்டும், அந்த வாசல்ல நிப்பாட்டுவோம். நடுத்தெருவுல கட்டை போட்டா எங்க குடும்பத்துக்கு ஆகாது. வாசலச் சொல்லுங்க.”

கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்க வாசல் வேண்டாம், கல்யாணப் பேச்சு நடக்குது என்றார் ஒருவர். எங்க வீட்டுல நாய் கெடக்கு என்றார் இன்னொருவர். எங்களுது சந்து என்றார்கள், எங்களுது வாடகை வீடு என்றார்கள். கட்டைகளைத் தோளில் சுமந்தபடி கொம்பையா எல்லோருக்கும் காது கொடுத்தார்.

“அப்போ அது தானா எந்த வாசலப் பாத்து நிக்கோ அதான் வாசல்” என்று சொல்லிவிட்டுக் குனிந்தார்.

அது எந்த வாசல் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நானும் வால்வுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு கட்டையும் தூணுக்கடியில் பக்குவமாக இறங்கின, ஓடுகள் ஒருமுறை சலசலத்து அடங்கின. ஆட்கள் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனார்கள்.

பால்வண்ணன் திரும்பி வந்து பார்த்தபோது வராண்டாவுக்கும் தகரக் கதவுக்கும் நடுவே ஒரு முழம் இடம்தான் இருந்தது. கட்டையைத் தட்டி எடுங்கள் என்று கத்தினார். போட்டவன்தான் எடுக்க வேண்டும், மற்றவன் தொட்டால் கை போய்விடும் என்பது தேர்க்கட்டையின் முறை. யாரும் குனியவில்லை.

அதிலிருந்து தொழுவத்துக்குப் போக வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்து வராண்டாவில் ஏறித்தான் போக வேண்டும் என்று ஆயிற்று. செண்பகவல்லி சோறும் முட்டையும் வைத்த கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஏறுவாள், பிள்ளைகள் எழுந்து நின்று, “வணக்கம் அத்தை” என்பார்கள், அவள் கதவை ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொள்வாள். மாரிக்கனி இப்போது இழுப்பதில்லை, கதவை ஒட்டிக் காலை மடித்து உட்கார்ந்திருப்பாள். டீச்சர் நாலு நாள் பார்த்துவிட்டு அவள் இடுப்பு முடிச்சை அவிழ்த்துவிட்டார், ஓடவில்லை. அவிழ்த்த துணி தூணைச் சுற்றிக் கிடந்தது. காலையில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், எல்லோரும் உள்ளேன் டீச்சர் சொன்ன பிறகு, உள்ளேயிருந்து டம்ளர் ஒருமுறை தட்டும். டீச்சர் தலையைத் தூக்காமல் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருப்பார்.

“உங்கம்மா யாருக்குல சோறு கொண்டு போறாவ?” என்று பிள்ளைகள் பால்வண்ணன் மகனைக் கேட்டார்கள்.

“மாட்டுக்கு.”

“மாடு முட்டை திங்குமால?”

அவன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். மறுநாள் பள்ளிக்கூடம் வர மாட்டேன் என்றான். அன்றைக்குத்தான் பால்வண்ணன் முடிவு செய்தார். திங்கட்கிழமை கார் வரும், ஆவுடைத்தாயைத் தொலைவில் ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டுவிடுவது. மாரிக்கனி விஷயத்துக்கும் மேலிடத்தில் சம்மதம் கிடைத்துவிட்டது, அதே திங்கட்கிழமையோடு அவள் பெயரை எடுத்துவிடுவது. அதன் பிறகு பள்ளிக்கூடம் எங்கே நின்றால் என்ன.

திங்கட்கிழமை தெற்குத் தெருக் குழாயில் தண்ணீர் முறை. நான் பள்ளிக்கூடத்து வராண்டா தெரிகிற இடத்தில் வால்வைத் திறந்துவிட்டு நின்றேன், பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அவர்கள் வழக்கத்தைவிட அதிகமாக வந்திருந்தார்கள், பாதிப் பேருடைய குடத்தில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது. கார் முன்பக்கத் தெருவில் வந்து நின்றது. வேனை விட்டுவிட்டு வந்த குருவம்மா தூணருகில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தகரக் கதவு முழுவதுமாகத் திறந்தது. செண்பகவல்லி ஒரு கையில் துணிப்பையும் மறு தோளில் மகளுமாக வந்தாள். பத்து வயதுப் பிள்ளை ஆறு வயதுக்காரியின் கனம்தான் இருந்திருப்பாள், கால்கள் கத்தரிபோலப் பின்னியிருந்தன, வெயில் பட்டதும் முகத்தை அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். தலை வழிய எண்ணெய் தேய்த்துப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி, கன்னத்தில் பொட்டு வைத்திருந்தார்கள். போகிற பிள்ளைக்கு யாரோ பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்கள். கையில் டம்ளர் இருந்தது. வெளியே போக வராண்டாவைத் தவிர வேறு வழியில்லை. செண்பகவல்லி ஏறினாள். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். வணக்கம் சொல்ல மறந்துவிட்டார்கள்.

“பேரென்னம்மா?” என்று டீச்சர் கேட்டார். ஊருக்கே தெரிந்த பெயர்தான். யாரும் இத்தனை வருஷமாகக் கேட்காத கேள்வி.

செண்பகவல்லி நின்றுவிட்டாள். “ஆவுடைத்தாய்” என்றாள். பிறகு, கேட்காமலே, “பால்வண்ணன் மக” என்றாள். தூணில் சாய்ந்து, பிள்ளையோடு அப்படியே உட்கார்ந்தாள்.

அப்போது மாரிக்கனி எழுந்தாள். தூணைச் சுற்றிக் கிடந்த நீலத் துணியின் முனையை எடுத்து, ஆவுடைத்தாயின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, மெதுவாக, அவசரமில்லாமல் கட்டத் தொடங்கினாள். “ஏட்டி, வேண்டாம், விடுட்டி” என்று குருவம்மா பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள், அதற்குள் கட்டி முடித்திருந்தாள். குருவம்மா முடிச்சை அவிழ்க்கப் போனாள். விரல் நின்றுவிட்டது. இரண்டு சுற்று, ஒரு உள்மடிப்பு. ஒரு பிசகில்லை. நாலு மாசமாக எதையும் படிக்கவில்லை என்று நாங்கள் சொன்ன பிள்ளை, தினமும் காலையில் தன் இடுப்பில் விழுந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைச் சேர்ப்பது என்றால் இதுதான் என்று அவளுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்திருந்தோம்.

குருவம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். டீச்சர் கீழே உட்கார்ந்து, மாரிக்கனி பெயரை அடிப்பதற்காகத் திறந்துவைத்த பேனாவால், அதற்குக் கீழே ஆவுடைத்தாய் பெயரை எழுதினார். முன்பக்கத் தெருவில் பால்வண்ணன் ஹாரனை அழுத்தினார். யாரும் போகவில்லை. மறுபடி அழுத்தினார். பிறகு அவரே வந்தார், சந்து முனையில் நின்றார், மகள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு டம்ளரால் சிமெண்டுத் தரையில் தட்டுவதையும் மாரிக்கனி அந்தச் சத்தத்துக்குத் தலையை ஆட்டுவதையும் பார்த்தார். காலையில் தான் போட்ட ரிப்பன் அவிழ்ந்து தொங்குவதைப் பார்த்து, கட்டிவிடுவதற்கு வருகிறவர்போல ஓரடி எடுத்து வைத்தார், அத்தனை கண்ணும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

கொம்பையா போட்ட புளியங்கட்டை இரண்டும் அப்போது தாமாக வெடித்தன. பள்ளிக்கூடம் முனகிக்கொண்டு நகர்ந்தது. இழுப்பதற்கு அன்றைக்கு யாரும் இல்லை. மாரிக்கனி உட்கார்ந்துதான் இருந்தாள். ஆனாலும் அது தெற்குத் தெருவில் ஏறி வடக்கே திரும்பி, ஒவ்வொரு வீடாக, தேர் போகிற நிதானத்தில் போனது.

குழாயடியில் நின்ற பெண்களில் ஐந்து பேர் குடத்தைப் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினார்கள். நான் எண்ணினேன். சாத்திய கதவு ஊரில் அந்த ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். கதவைத் திறக்க ஓடினார்களா சாத்த ஓடினார்களா என்பது, வால்வை மூட மறந்து தண்ணீரில் நின்றிருந்த எனக்குத் தெரியவில்லை.